ஜிம் மார்ஷலுக்கு இன்னும் எத்தனை ஆண்டு?

ஒஹாயோ மாநிலம் கான்டனிலுள்ள ப்ரோ ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம் (அமெரிக்கக் கால்பந்தின் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் மன்றம்) தேர்வுக்குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் மன்றத்தில் இன்னும் சேர்க்கப்படாத வைக்கிங்ஸ் ஆட்டக்காரர் ஜிம் மார்ஷல் யாரென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2025 ஜூனில், 87 வயதில் அவர் மறைந்தபோது அஞ்சலிகளுக்குக் குறைவே இல்லை. அவர் ஆட்டத்தை விட்டது 1979-இல். உயிரோடு இருக்கும்போதே கூப்பிட்டு உட்கார வைக்க உங்களுக்குப் போதுமான அவகாசம் இருந்தது.

282 ஆட்டங்கள், இடையில் ஒன்றைக்கூடத் தவறவிடாமல். அதில் 270 மினசோட்டா வைக்கிங்ஸ் அணிக்காக, அத்தனையிலும் தொடக்க ஆட்டக்காரராக. இதை ஆடியவர் டிஃபென்சிவ் எண்ட், அதாவது தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்பவர், என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள். ஒவ்வொரு முறை பந்து எடுக்கப்படும்போதும் தன்னைவிடக் கனமானவனோடு மோத வேண்டிய இடம் அது. பெரும்பாலானோரின் உடல் சில ஆண்டுகளிலேயே கையை விரித்துவிடும். இவர் 41 வயதுவரை, இருபது சீசன் நின்றார். 2005-இல் அந்த 282-ஐத் தாண்டியவர் ஜெஃப் ஃபீகிள்ஸ், ஒரு பண்டர், அதாவது பந்தை எதிரணிப் பக்கம் உதைத்து அனுப்புபவர். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் வேலை வேறு.

சிறந்த ஆட்டக்காரர்களுக்கான ப்ரோ பவுல் ஆட்டத்துக்கு இரண்டே முறைதான் போனார் என்பீர்கள். உண்மைதான். பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கை வீழ்த்தும் 'சாக்' கணக்கையே லீக் (என்எஃப்எல்) 1982-இல்தான் அதிகாரபூர்வமாக எழுதத் தொடங்கியது. கணக்கு வைக்காதது லீக், மதிப்பெண் குறைவது மார்ஷலுக்கு! அவரோடு ஒரே வரிசையில் நின்ற ஆலன் பேஜும் கார்ல் எல்லரும் உள்ளே இருக்கிறார்கள். அவரை உள்ளே விடுங்கள்.

ஒருவேளை 1964 அக்டோபர் 25 இன்னும் உறுத்துகிறதோ? சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிராகப் பந்தைப் பொறுக்கி 66 யார்டு தவறான திசையில், தன் அணியின் எல்லைக்கே ஓடினார். எதிரணிக்கு இரண்டு புள்ளி கிடைத்தது. அதே ஆட்டத்தில் எதிரணி குவார்ட்டர்பேக் ஜார்ஜ் மீராவை மோதிப் பந்தை நழுவ வைத்ததும் இவர்தான். அதை எல்லர் எடுத்து எதிரணி எல்லைக்குள் ஓடி டச் டவுன் போட்டார். வைக்கிங்ஸ் 27-22 என ஜெயித்தது. இதையும் சேர்த்துச் சொல்கிற ஆளைத்தான் காணோம். லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் நாலு முறை தோற்ற அணி என்றால் இளக்காரம்தான் போலும்.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்தருளுங்கள். கேட்பது ஒன்றுதான்: மூத்த ஆட்டக்காரர் பிரிவில் அவர் பெயரை இறுதி வாக்கெடுப்புக்குக் கொண்டுசென்று, உள்ளே சேர்த்துக்கொள்ளுங்கள். முடியாதென்றால் காரணத்தையாவது வெளிப்படையாகச் சொல்லுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வைக்கிங்ஸ் ரசிகன்