மஞ்சள் தலையைக் கழற்றாதீர்கள்: ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி சேகரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு,

வணக்கம். ஓசூரில் பிளாஸ்டிக் உதிரிபாகங்களுக்கு மோல்டு செய்யும் பட்டறையொன்றில் வேலை பார்ப்பவன் நான். ஸ்டார் வார்ஸ் படப் பாத்திரங்களாக லெகோ நிறுவனம் வெளியிடும் மினிஃபிகர்களையும், அதாவது தலை, உடல், கால் எனக் கழற்றி மாட்டக்கூடிய சிறு பொம்மைகளையும், நெடுநாளாகச் சேர்த்து வருகிறேன். சென்ற மாதம் நாம் பொம்மைகளைக் கைமாற்றிக்கொண்ட பரிமாற்றத்தில் நம்மவர் ஒருவர், 1999-ஆம் ஆண்டு லூக் (படத்தின் நாயகன்) பொம்மையின் உடலில் தோல்நிறத் தலை பொருந்தியிருந்த ஒன்றை, அரிய வேரியண்ட் (தொழிற்சாலையிலேயே சற்று மாறி வந்த வகை) என்று எனக்குக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து விளக்கடியில் வைத்துப் பார்க்கும்வரை நானும் நம்பினேன். கேட்டபோது, அவரிடம் வந்தபோதே அது அப்படித்தான் இருந்தது என்றார். அதை நான் ஐயப்படவில்லை. அதற்கு முன் வைத்திருந்த எவரோ அழகுக்காக மாற்றியிருக்கலாம்.

ஆனால் அந்த மஞ்சள் முகம்தான் அப்பொம்மையின் காலச்சான்று. 1999-இல் இவ்வரிசை தொடங்கியபோது மனித முகங்கள் மஞ்சளாகவே வந்தன. 2003-இல் வந்த கிளவுட் சிட்டி என்ற லெகோ பெட்டியில் லாண்டோ என்ற பாத்திரம் பழுப்பு முகத்தோடு நிற்க, அதே பெட்டியின் லூக்கும் லேயாவும் மஞ்சளாகவே இருந்தார்கள். தோல்நிறம் 2004 முதல் வழக்கமானது. ஆகவே 1999 உடலில் தோல்நிறத் தலை என்பது தொழிற்சாலை அறியாத சேர்க்கை.

நம் மொழியும் இங்கே சற்றுக் குழப்புகிறது. உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்தும் எஃகுக் கருவியும் அச்சு, அதன்மேல் வண்ணம் பதிப்பதும் அச்சு. ‘இதன் அச்சு வேறு’ என்று ஒருவர் சொன்னால் எது வேறு என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. பட்டறையில் நாங்கள் சொல்வதுபோல் மோல்டு, பிரிண்ட் என்றே பிரித்துப் பேசுவோம். எஃகை வெட்டிப் புது மோல்டு செய்வது பெருஞ்செலவு என்பதால் அது காரணமில்லாமல் மாறாது. கறுப்புக் கவசம் அணிந்த வில்லன் டார்த் வேடரின் ஒற்றைத் துண்டுத் தலைக்கவசம் 2015-இல் இரு துண்டானது மோல்டு மாற்றம். 2000-இல் கைகால்களில் ஓவியமில்லாமல் வந்த போபா ஃபெட் என்ற பாத்திரம், கிளவுட் சிட்டி பெட்டியில் கைகளிலும் கால்களிலும் ஓவியத்தோடு வந்தது பிரிண்ட் மாற்றம். மூன்றாவது வகை நிற மாற்றம், என்னைக் கேட்டால் மிக நுட்பமானது இதுவே. பழைய வேடரின் கவசத்தைக் கழற்றினால் உள்ளே சாம்பல் தலை இருக்கும். 2004-ஐ ஒட்டி லெகோ தன் சாம்பல் நிறத்தையே நீலம் கலந்ததாக மாற்றியதால், வெளியே ஒன்றுபோல் நிற்கும் இரு வேடர்கள் உள்ளே வேறானவர்கள். இதைப் பகல் வெளிச்சத்தில் அருகருகே வைத்துப் பாருங்கள். டியூப் லைட்டை நம்ப வேண்டாம். வெயிலில் பழுப்பேறிய வெள்ளைப் படைவீரனைத் தயவுசெய்து இந்த நிற மாற்றக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தருமபுரி அகழ்வைப்பகத்து நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். வாளேந்திய வீரர்கள் பலர் அங்கே ஒரே சாயலில் நிற்கிறார்கள். கல் கிடைத்த ஊர் தெரிந்தால்தான் ஒன்றையொன்று ஒப்பிட்டு எதையும் சொல்ல இயலும். நம் நான்கு சென்டிமீட்டர் வீரர்களுக்கு, அவர்கள் வந்த லெகோ பெட்டியின் எண்ணே ஊர்ப்பெயர்.

எனவே என் வேண்டுகோள்: ஒவ்வொரு பொம்மையையும் அதன் பெட்டி எண் எழுதிய துண்டுச்சீட்டோடு தனி உறையில் வையுங்கள், எண் தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள். உறுப்பு மாற்றியிருந்தால் கைமாற்றும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த லூக்கை நான் திருப்பித் தரவில்லை. அதன் மஞ்சள் தலை உங்களில் எவரிடமேனும் உதிரிப் பெட்டியில் கிடந்தால் அடுத்த பரிமாற்றத்துக்குக் கொண்டுவாருங்கள். தோல்நிறத் தலையை மாற்றாகத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓசூரிலிருந்து உங்களில் ஒருவன்