வாரத்தைக் கேட்காதீர்கள், தவணையைக் கேளுங்கள்: வலயக் கல்விப் பணிமனைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கும், ஆரம்பக் கல்விக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கும், ஆசிரிய ஆலோசகர்களுக்கும்,

வணக்கம்.

கடந்த புதன்கிழமை எங்கள் பாடசாலைக்கு வந்த மேற்பார்வைக் குழு சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் இரண்டு வரி எழுதிவிட்டுப் போயிருக்கிறது. “தரம் 2 கணிதம் வாராந்தத் திட்டத்தைவிட இரண்டு வாரங்கள் பின்தங்கியுள்ளது. ஆசிரியை உடனடியாக ஈடுசெய்ய வேண்டும்.” எந்த நாளில் எந்தப் பக்கம் என்று தங்கள் பணிமனை வகுத்து அனுப்பிய அந்தப் பொது வாராந்தத் திட்டம் எப்படி வந்தது, எந்த வட்ஸ்அப் குழுவில் வந்தது என்பதெல்லாம் தங்களுக்குத் தெரிந்ததே. அதன் பிரதியில் நானும் கையெழுத்திட்டேன், அதிபரும் கையெழுத்திட்டார். திகதியை வைத்துப் பார்த்தால் நான் பின்தங்கியிருப்பது உண்மை. அதை மறுக்கவில்லை.

ஆனால் அந்த இரண்டு வரிக்குச் சற்று முன்பு வகுப்பில் என்ன நடந்தது என்பது அந்தப் புத்தகத்தில் இல்லை. அதை இங்கே எழுத அனுமதி தாருங்கள்.

அன்று விடிந்ததிலிருந்தே மழை. தரம் 2இல் 17 பேரில் 11 பேர்தான் வந்திருந்தார்கள். ஓடை பெருகினால் தோட்டத்தின் மேல் டிவிசன் பிள்ளைகள் வருவதில்லை, வரவும் கூடாது. தரையில் பாய் விரித்து, மிலாறுக் குச்சிகளை, அதாவது வெட்டிப்போட்ட தேயிலைக் கிளைகளை, கட்டிக்கொண்டிருந்தோம். பக்கத்து மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி முடிந்திருந்ததால் குச்சிக்குப் பஞ்சமில்லை. பத்துக் குச்சியை எண்ணி றப்பர் பட்டி போட்டால் ஒரு கட்டு. பத்துக்கு ஒன்று குறைந்தாலும் அது கட்டாகாது, உதிரி. பாய்க்கு முன்னால் சோக்கட்டியால் இரண்டு பெட்டி கீறியிருந்தேன்: இடது பக்கம் கட்டுக்கு, வலது பக்கம் உதிரிக்கு.

என் வகுப்பில் ஒரு சிறுமி இருக்கிறாள். இருபத்தைந்து என்று சொன்னால் 205 என்று எழுதுவாள். முப்பத்தேழு என்றால் 307. கவனமில்லாத பிள்ளை அல்ல. காதில் விழுவதை அப்படியே எழுதுகிறாள்: இருபது விழுகிறது, 20 எழுதுகிறாள், ஐந்து விழுகிறது, 5 எழுதுகிறாள். சிவப்புப் பேனாவால் வெட்டி 25 என்று திருத்திக் கொடுத்தால், அதைப் பார்த்துப் பத்துத் தடவையும் சரியாக எழுதித் தருவாள். கொப்பியை மூடிவிட்டுக் கேட்டால் மறுபடி 205தான். இரண்டு வாரமாக நான் இந்த ஒரு முடிச்சைத்தான் அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அவளோடு இன்னும் ஆறு பேர் அதே இடத்தில் நிற்கிறார்கள்.

அன்று இரண்டு கட்டை இடது பெட்டியிலும் ஐந்து குச்சியை வலது பெட்டியிலும் வைத்தாள். கீழே எண்ணை எழுதச் சொன்னேன். இடது பெட்டியின் கீழ் 2 எழுதினாள். வழக்கம்போலச் சைபர் போடப் போன கை, பாதியில் நின்றது. கட்டைப் பார்த்தாள், உதிரியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, “டீச்சர், சைபர் வைக்க எடமில்லையே, அங்கதான் அஞ்சு இருக்கே” என்றாள்.

பதினாறு வருடமாகப் படிப்பிக்கிறேன். இப்படி ஒரு வார்த்தைக்காகத்தான் ஒரு ஆரம்பப் பிரிவு ஆசிரியை வாரக்கணக்கில் காத்திருக்கிறாள்.

அந்த நேரத்தில்தான் குழு உள்ளே வந்தது. “இந்த வாரம் கழித்தல் அல்லவா? ஏன் இன்னும் குச்சி?” என்று கேட்டார்கள். குச்சிகளை ஒதுக்கச் சொன்னார்கள். பிள்ளைகள் பெட்டிகளை அழித்துவிட்டு எழுந்து, கரும்பலகையில் இருந்த கழித்தல் கணக்குகளைக் கொப்பியில் பார்த்து எழுதினார்கள். பாடவேளை முடியும்வரை அதுதான் நடந்தது. அந்தச் சிறுமி ஐந்து வலது பெட்டியில் நிற்பதை இன்னும் மூன்று நான்கு தடவை செய்து பார்த்திருக்க வேண்டும். முடியவில்லை. வியாழக்கிழமை காலை அவள் கொப்பியில் மறுபடியும் 205 இருந்தது.

வந்தவர்கள்மீது எனக்குக் கோபம் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் அவர்கள் கையில் இருந்த படிவத்தில் திகதிக்கும் பக்க எண்ணுக்கும் மட்டுமே கட்டம் இருந்தது. பிள்ளைக்கு என்ன விளங்கியது என்று எழுத அதில் இடமே இல்லை. ஆகவே என் கோரிக்கை அந்த அதிகாரிகளைப் பற்றியதல்ல, திட்டத்தைப் பற்றியது. தரம் 1க்கும் 2க்கும் கணிதத்தில் வாரத்தைக் கேட்காதீர்கள், தவணையைக் கேளுங்கள். தவணை முடிவில் எந்தத் தேர்ச்சி வேண்டும், அதாவது பிள்ளைக்கு எதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். அதற்கு எந்த வாரம் எதைச் செய்வது என்பதை வகுப்பில் நிற்பவர் தீர்மானிக்கட்டும்.

தாங்கள் அனுப்பிய திட்டத்தில் எல்லா வாரத்துக்கும் ஐந்து நாள் இருக்கிறது. மேற்குச் சரிவில் இருக்கும் எங்களுக்கு மே மாதத்திலிருந்து செப்டெம்பர்வரை தென்மேற்குப் பருவமழை. அந்த மாதங்களில் முழு வகுப்போடு ஐந்து நாள் கிடைத்த வாரங்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். அம்மன் கோயில் திருவிழா வாரத்தில் பாதி வகுப்பு இருக்காது. திங்களும் செவ்வாயும் வராத பிள்ளை புதன்கிழமை வந்தால், அவளுக்கு அன்றுதான் திங்கட்கிழமை. பாடம் அவளை விட்டுவிட்டுப் போய்விட்டால் அவள் பார்த்து எழுதப் பழகிவிடுகிறாள். அழகாகப் பார்த்து எழுதும் பிள்ளையை எந்த மேற்பார்வையும் கண்டுபிடிக்காது. தரம் 4இல்தான் தெரியவரும்.

இன்னொன்று. எங்கள் பாடசாலையில் தரம் 1ம் 2ம் தடுப்பில்லாத ஒரே மண்டபத்தில், ஒரே ஆசிரியையிடம் இருக்கின்றன. இரண்டு தரத்துக்கும் தனித்தனித் திட்டம் வந்திருக்கிறது. ஒரே பாடவேளையில் தரம் 1க்கு வடிவங்கள், தரம் 2க்குக் கழித்தல். இதன்படி நடந்தால் ஒரு பக்கம் பேசும்போது மறுபக்கம் சும்மா இருக்க வேண்டும். நான் திட்டமிடுவது வேறு மாதிரி. தரம் 1 பிள்ளைகள் பத்துவரை எண்ணிக் குச்சி கட்டுவார்கள், பத்தை ஏழும் மூன்றுமாக, ஆறும் நான்குமாகப் பிரித்துப் பார்ப்பார்கள். அவர்கள் கட்டிய கட்டுகளைத்தான் தரம் 2 எடுத்து இரண்டிலக்க எண் செய்யும். கட்டில் ஒன்பதுதான் இருந்தால் தரம் 2 பிள்ளை திருப்பிக் கொண்டுபோய் சின்னவனிடம் கொடுத்து எண்ண வைப்பாள். இரண்டு வகுப்பும் ஒரே வேலையில் இருக்கும். தங்கள் படிவத்தில் இதை எழுத வழியில்லாததால், செய்யாத ஒன்றை எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டியிருக்கிறது. இதற்காக ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணித்தியாலம் போகிறது. அந்த நேரத்தில் அடுத்த வாரத்துக்கு உண்மையான ஆயத்தம் செய்திருக்கலாம்.

என் உண்மையான ஆயத்தம் ஒரு சாதாரண அப்பியாசக் கொப்பியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் காய்ந்த போஞ்சி விதையும் குச்சியும் வைத்து ஒவ்வொரு பிள்ளையையும் இரண்டு நிமிடம் கூப்பிட்டுப் பார்ப்பேன். நூறுவரை பாட்டுப்போலச் சொல்லும் பையன், “ஏழு விதை எடுத்துத் தா” என்றால் கைநிறைய அள்ளித் தருகிறான். அவனுக்கு எண்களின் பெயர் தெரியும், எண்ணிக்கை இன்னும் வரவில்லை. இன்னொரு பிள்ளை எண்பத்தொன்பதுக்குப் பிறகு நேராக நூறுக்குப் போய்விடுகிறாள். அவளையும் குறை சொல்ல முடியாது. தமிழில் தொண்ணூறுக்குள் நூறு ஒலிக்கிறது, தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் ஒலிக்கிறது. எழுபது, எண்பது என்று ‘பது’வில் முடிந்து வந்த வரிசை அங்கே திடீரென்று மாறுகிறது. தமிழில் எண்ணும் பிள்ளைக்கு அந்த இடத்தில் கூடுதலாக இரண்டு நாள் வேண்டும். இந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் திங்கட்கிழமை என்ன செய்வது என்று முடிவெடுக்கிறேன். மேற்பார்வைக் குழுவிடம் இதை நீட்டினேன். “இது படிவம் இல்லையே” என்று திருப்பித் தந்தார்கள்.

எங்கள் பிள்ளைகளுக்குக் கணிதம் வராது என்ற பேச்சைக் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். 205 எழுதும் அதே சிறுமியிடம் ஒரு நாள், “அம்மா நேத்து எத்தனை கிலோ?” என்று கேட்டேன். “பதினாறு டீச்சர். நாலு கொறஞ்சிருச்சி, அரைப்பேர் போட்டுட்டாங்க” என்றாள். எங்கள் தோட்டத்தில் 20 கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாட்சம்பளம். குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். இருபதில் பதினாறு போனால் நான்கு என்பதைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசடியிலேயே அவள் படித்துவிட்டாள். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக வர்த்தமானியில் வந்தபோது, அரைப்பேருக்கு எவ்வளவு என்று அவள் வீட்டில் பேசியிருப்பார்கள். கணக்கு இந்தப் பிள்ளைகளின் வீட்டில் தினமும் நடக்கிறது. அதைக் கடதாசிக்குக் கொண்டுவரும் பாதையைத்தான் நாங்கள் போட வேண்டும். அதற்குக் கொஞ்சம் காலம் வேண்டும்.

காலம் தராவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவள். என் தரம் 3 ஆசிரியர் 52இலிருந்து 17ஐக் கழிக்க, “இரண்டில் ஏழு போகாது, பக்கத்து வீட்டில் கடன் வாங்கு” என்றார். எங்கள் வீட்டில் கடன் என்றால் கடைக் கொப்பி. சம்பளத்தன்று திருப்பிக் கொடுக்க வேண்டும். ஐந்திடம் வாங்கிய கடனை இரண்டு எப்போது திருப்பிக் கொடுக்கும் என்று நான் யோசித்துக்கொண்டே இருந்தேன், கேட்கத் துணியவில்லை. ஐந்து என்பது ஐந்து பத்து, அதில் ஒரு கட்டை அவிழ்த்து உதிரியோடு சேர்க்கிறோம், யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை என்று ஒருவர் குச்சியை வைத்துக் காட்டியிருந்தால் பத்து நிமிடத்தில் விளங்கியிருக்கும். பாடம் முடிக்க வேண்டிய அவசரம் அவருக்கும் இருந்திருக்கும். சாதாரண தரப் பரீட்சையில் முதல் தடவை கணிதத்தில் விழுந்தேன். அப்போது உயர்தரம் போகத் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடம் சித்தியடைய வேண்டியிருந்தது என்பது தங்களுக்குத் தெரியும். ஒரு வருடம் வீட்டில் இருந்து, மறுபடி எழுதி, உயர்தரம் முடித்து, பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்குப் போனேன். அங்கேதான் முதன்முதலாகக் கட்டையும் உதிரியையும் பார்த்தேன். என்னோடு விழுந்த மற்றப் பெண்கள் இரண்டாம் தடவை எழுதவில்லை. சிலர் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போனார்கள், சிலர் இன்று என் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மார்.

தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களில். அதற்குப் பிறகும் எங்களுக்கு எல்லாம் கடைசியாகத்தான் வந்தது. 2015ஐ ஒட்டிய காலத்தில்கூட, எங்கள் இளைஞர்களை 6,000 ரூபாக் கொடுப்பனவுக்கு ஆசிரிய உதவியாளர்களாக வகுப்புக்குள் அனுப்பினார்கள். பயிற்சி பிறகு, நிரந்தர நியமனம் அதற்கும் பிறகு. தரம் 5 புலமைப்பரிசில் பெறுபேறு வந்ததும் வெட்டுப்புள்ளிக்கு மேல் எத்தனை பேர் என்று எல்லாப் பாடசாலையையும் கேட்கிறார்கள். தரம் 2இல் எத்தனை பேருக்குப் பத்து விளங்கியது என்று இந்தப் பதினாறு வருடத்தில் ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. மதிய உணவுப் பதிவேடு, சுகாதாரப் படிவம், சீருடைப் பட்டியல் எல்லாம் நாள் தவறாமல் கேட்கப்படுகின்றன.

எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். ஆனால் இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு வரியை வாசிப்பது கஷ்டமாக இருந்தது.

நான் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்ற மூன்றும் ஆரம்பக் கல்விக்கு வேண்டும், சிறிய வகுப்புகளில் முதல் இரண்டுக்கும் கூடுதல் இடம் வேண்டும் என்பது 1990களின் இறுதியில் வந்த சீர்திருத்தத்திலிருந்து எங்களுக்குச் சொல்லப்பட்டு வருவது. தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டி என் மேசையில் இருக்கிறது. அது தேர்ச்சியைப் பற்றிப் பேசுகிறது. தங்களின் வாராந்தத் திட்டத்தில் ஒவ்வொரு நாளும் பயிற்சிப் புத்தகப் பக்க எண் மட்டும் இருக்கிறது.

ஆகவே தயவுசெய்து அடுத்த தவணை தொடங்குவதற்கு முன் தரம் 1, 2 கணிதத்துக்கான பொது வாராந்தத் திட்டத்தை நிறுத்துங்கள். தவணைத் தேர்ச்சிகளைத் தாருங்கள். அவற்றுக்கு நாங்கள் பொறுப்பேற்கிறோம், தவணை முடிவில் எந்தப் பிள்ளையை வேண்டுமானாலும் கூப்பிட்டுச் சோதியுங்கள். சேர்ந்து படிக்கும் வகுப்புகளுக்கு ஒரே ஆயத்தக் குறிப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். மேற்பார்வைப் படிவத்தில், ஒரு பிள்ளையிடம் பேசிப் பார்த்து எழுதுவதற்கு ஒரு கட்டமாவது சேருங்கள். ஆசிரிய ஆலோசகர்கள் மாதத்தில் ஒரு தடவை வந்து, பாயில் எங்களோடு உட்கார்ந்து திட்டமிட்டால் அது பெரிய உதவியாக இருக்கும். அவர்களில் பலர் எங்களைவிட அனுபவசாலிகள்.

சம்பவத்திரட்டில் உள்ள அந்த இரண்டு வரியை அழிக்கச் சொல்லவில்லை. அதற்குக் கீழே என் விளக்கத்தையும் எழுத அனுமதி கேட்டு அதிபர் ஊடாக ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். பதிலை எதிர்பார்க்கிறேன்.

இந்த வாரமும் நாங்கள் கட்டும் உதிரியும்தான் செய்கிறோம். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு யாராவது வர முடிந்தால், அந்தச் சிறுமியிடம் இருபத்தைந்தைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பணிவான,
தரம் 1, 2 வகுப்பாசிரியை,
தோட்டப் பாடசாலை ஒன்று, மலையகம்.