ஆர்எக்ஸ் 100-க்கு ஒன்றரை லட்சமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்குக்கு லட்சம், ஒன்றரை லட்சம் என்று கூசாமல் விலை சொல்கிறார்கள். "பெங்களூர்ல இதே வண்டி ரெண்டு லட்சம் போகுது" என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டால், வாங்க வந்த பையன் பேரம் பேசவே தயங்குகிறான். சொல்கிற விலை வேறு, கைமாறுகிற விலை வேறு. புது பெயின்ட்டையும் ஸ்டிக்கரையும் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுப்பவர்களுக்காகவே இந்தக் கடிதம்.

1985 கடைசியில் வந்து 1996-ல் நின்றுபோன வண்டி இது. எவ்வளவு புதிதாக இருந்தாலும் முப்பது வயது ஆகிறது. அதனால் முதலில் நம்பரைப் பாருங்கள். ஹேண்டில்பார் கழுத்தில் சேசிஸ் நம்பர், இன்ஜினின் அடிக்கூடான கிராங்க்கேஸில் இன்ஜின் நம்பர்; ஆர்எக்ஸ் 100 என்றால் 1எல்1 என்றுதான் தொடங்கும். அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் தடிப்பாக இருந்தாலோ, அரம் போட்ட தடம் தெரிந்தாலோ, எழுத்துகள் ஒரே வரிசையில் நிற்காவிட்டாலோ மேற்கொண்டு பேசாமல் வந்துவிடுங்கள்.

அடுத்தது பிளாக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர். அதன் மூடியான ஹெட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். நாலு நட்டு, கால் மணி நேர வேலை. கம்பெனி போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 50 மில்லிமீட்டர். பிஸ்டன் தலையில் 25, 50, 75, 100 என்று எண் இருந்தால் முறையே 0.25, 0.50, 0.75, 1 மில்லிமீட்டர் பெரிதாகக் கடைந்த, அதாவது போர் அடித்த பிளாக் என்று பொருள். 100 என்றால் அதுதான் கடைசி. அடுத்த தடவை ஸ்லீவ் (உள்ளே புது உறை) போட வேண்டும், அல்லது வேறு பிளாக் தேட வேண்டும். வெர்னியர் வைத்து அளக்கும்போது 58 மில்லிமீட்டர் வந்தால் அது ஆர்எக்ஸ் 135 பிளாக். ஓட்டுவதற்கு இழுவை நன்றாக இருக்கும், ஒரிஜினல் வண்டி விலை மட்டும் அதற்குக் கிடையாது. பிளாக்கையும் இறக்கச் சம்மதித்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம். மேலும் கீழும் ஆடினால் கிராங்க் வேலை காத்திருக்கிறது.

வண்டியைச் சூடாக்கி, ஆக்சிலரேட்டரை முறுக்கிவிட்டு விடுங்கள். சத்தம் உடனே இறங்காமல் கொஞ்ச நேரம் உச்சத்திலேயே நின்றால் மேக்னட்டோ பக்கத்து ஆயில் சீல் வழியே காற்று இழுக்கிறது என்று சந்தேகிக்கலாம். காற்று கூடினால் பெட்ரோல் கலவை மெலியும், சூடு ஏறும், ஒருநாள் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கத்து சீல் போயிருந்தால் வெள்ளைப் புகை அடங்கவே அடங்காது; வெளியே ஒரு சொட்டு ஒழுகாமல் கியர் ஆயில் குறையும். சீல் விலை சொற்பம்தான். ஆளைக் கூப்பிட்டுப் பிரித்துப் பூட்டுகிற கூலியைத்தான் விலையில் கழிக்க வேண்டும்.

ஆட்டோலூப் பம்ப் (இன்ஜினுக்குத் தனியாக ஆயில் ஊட்டுவது) இருக்கிறதா என்று யாரும் கேட்பதே இல்லை. பலர் அதைக் கழற்றிவிட்டு டூ-டி ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஓட்டுகிறார்கள். தொப்பூர் கணவாயில் ஆக்சிலரேட்டரை மூடியபடி இறங்கும்போது இன்ஜினுக்குள் பெட்ரோல் போவது மிகக் குறைவு. அதில் கலந்த ஆயிலும் அவ்வளவுதான் போகும். சக்கரமோ இன்ஜினை வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். பம்ப் இருந்தால் இன்ஜின் சுற்றும்வரை அது கொஞ்சமாவது ஆயில் தரும். பம்ப் இல்லாத வண்டிக்கு 'ஷோரூம் கண்டிஷன்' விலை கேட்பது நியாயமே இல்லை.

டேங்கில் சின்னக் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள், பிடிக்காத இடத்தில் பட்டி (நசுங்கலை மறைத்த பூச்சு) இருக்கிறது. மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் உள்ளே துரு தெரியும். டேங்க், மீட்டர், சைலன்சர் எல்லாமே டூப்ளிகேட்டாகக் கிடைக்கின்றன. ஒரிஜினல் டேங்க் கொஞ்சம் நசுங்கியிருந்தாலும் அதற்குத்தான் மதிப்பு.

இவ்வளவும் சரியாக இருந்து புக் (ஆர்.சி. எனும் பதிவுச் சான்று) சரியில்லை என்றால் எல்லாம் வீண். கர்நாடக நம்பர் என்றால் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று இல்லாமல் இங்கே நம்பர் மாற்ற முடியாது; தமிழ்நாட்டு வரியும் தனி. புக்கில் பைனான்ஸ் கம்பெனி பெயர் இருந்தால் அதை நீக்கிவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும். தொண்ணூறுகளில் கடன் கொடுத்த பல கம்பெனிகள் இன்று இல்லை, யாரிடம் கையெழுத்து வாங்குவீர்கள்? புக்கில் இருப்பவர் காலமாகியிருந்தால் வாரிசுகள் படிவம் 31 தர வேண்டும். பழைய அட்டை புக் உள்ள வண்டிகள் சில இன்னும் அரசின் ஆன்லைன் பதிவில் ஏறவில்லை. எம்பரிவாகன் என்ற அரசு செயலியில் நம்பரைத் தட்டி, வரவில்லை என்றால் ஏற்றித் தரும் பொறுப்பு விற்பவருடையது என்று எழுதி வாங்குங்கள். பதிவைப் புதுப்பிக்க (எப்.சி. என்பார்கள்) படிவம் 25. 20 வருடம் தாண்டிய பைக்குக்கு 2025 ஆகஸ்ட் முதல் கட்டணம் 2,000 ரூபாய்.

'விண்டேஜ் வண்டி' என்று கூடுதல் விலை கேட்பதும் ஏமாற்றுத்தான். 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வயது ஆன வண்டிக்குத்தான் அந்தப் பதிவு. முதல் ஆர்எக்ஸ் 100-க்கே அது 2035-ல்தான் வரும். வந்தாலும் அதில் தினமும் சந்தைக்குப் போக முடியாது.

நம்பர் ஒத்து, புக் தெளிவாக, பிஸ்டன் எண் 50-ஐத் தாண்டாமல், பம்ப்போடு ஓடுகிற வண்டிக்கு எழுபது, எண்பதாயிரம் கொடுக்கலாம் என்பது எங்கள் கணக்கு. புக் இல்லாததற்குப் பார்ட்ஸ் விலைதான். இன்னொரு பழைய பைக்கான ராஜ்தூத் 350 கதை வேறு: அது குறைவாகவே விற்றது, பார்ட்ஸும் அரிது, விலை கூடத்தான் செய்யும். அதிலும் 27 குதிரைத்திறன் வகையை 30.5 குதிரைத்திறன் வகை என்று சொல்லி விற்பவர்கள் உண்டு.

இன்சூரன்ஸிலும் கவனம் வேண்டும். ஐந்து வருடம் தாண்டிய வண்டியின் மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருந்தால், திருடு போன அன்று கையில் எதுவும் வராது.

அட்டை புக்குகளை ஆன்லைனில் ஏற்ற தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் மாதம் ஒரு நாள் ஒதுக்கினால் நல்லது. என்னென்ன காகிதம் வேண்டும் என்று வாசலில் ஒரு பலகையும் வைக்கலாம்.

இப்படிக்கு,
டூவீலர் மெக்கானிக்குகள் சிலர்,
தருமபுரி.