அலமாரியைக் காலி பண்றதுக்கு முன்னாடி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல ஒரு வாசகர் எழுதியிருந்தார், எல்லாமே போன்லயே கிடைக்குது, இன்னும் எதுக்கு ஸ்கூல் லைப்ரரில கலைக்களஞ்சியத்தை அடுக்கி வெச்சு தூசி தட்டிட்டு இருக்கணும்னு. அவர் சொல்றது பாதி சரிதான். மீதி பாதிக்காகத்தான் இந்த லெட்டர், நீளமா இருந்தா நீங்களே வெட்டிக்கோங்க.

நான் நாகர்கோவில் பக்கம் ஒரு ஸ்கூல்ல அறிவியல் டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவ. லைப்ரரியன்னு தனியா ஆள் கிடையாது, சாவி என் கையில இருந்துச்சு, அதனால லைப்ரரியும் என் தலையில. ரெண்டு இரும்பு அலமாரி. ஒண்ணுல கதை புக்கு, இன்னொண்ணுல கீழ் தட்டு முழுக்க தமிழ் வளர்ச்சிக் கழகத்தோட கலைக்களஞ்சியம் பத்து தொகுதி, பக்கத்துலயே குழந்தைகள் கலைக்களஞ்சியம். பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியரா இருந்து கொண்டு வந்தது. 1954ல முதல் தொகுதி, 1968ல பத்தாவது. அதோட முடிச்சுட்டு மனுஷன் ரெஸ்ட் எடுத்தாரான்னா இல்ல, பிள்ளைங்களுக்குன்னு தனியா இன்னொரு பத்து தொகுதி, அது முடியறப்போ 1976. கூகிள் இல்ல, கம்ப்யூட்டர் இல்ல, நிறைய விஷயத்துக்கு தமிழ்ல வார்த்தையே இல்லாத காலம், வார்த்தையையும் உண்டாக்கிட்டு விஷயத்தையும் எழுதியிருக்காங்க.

நான் ரிட்டையர் ஆன அடுத்த வருஷம் லீவுல அந்த அலமாரியைக் காலி பண்ணிட்டாங்க. ஸ்மார்ட் போர்டுக்கு இடம் வேணுமாம். தற்செயலா பழைய பேப்பர் கடை வழியா போனேன், வெளிய கட்டுக் கட்டா கிடக்குது, மேல இருந்த புக்குல நம்ம ஸ்கூல் சீலு. கிலோ கணக்குல எடை போட்டு வாங்கினாராம். மூணு தொகுதிதான் மிச்சம் இருந்துச்சு, மத்தது ஏற்கனவே லோடு ஏறிடுச்சு. அந்த மூணையும் நான் காசு குடுத்து வாங்கிட்டு வந்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பாத்தார்.

பழசுன்னா எல்லாம் பொன்னுன்னு சொல்ற ஆள் நான் இல்ல. முதல் தொகுதி வந்தப்போ எங்க கன்னியாகுமரி மாவட்டமே தமிழ்நாட்டுல இல்ல, திருவிதாங்கூர்-கொச்சில இருந்துச்சு, 1956 நவம்பர் 1 தான் இந்தப் பக்கம் சேர்ந்தது. ஒன்பது தொகுதி வெளிவந்து முடிஞ்சப்போ கூட நிலாவுல எவனும் கால் வைக்கல. புளூட்டோவை 2006ல கிரகக் கணக்குல இருந்து எடுத்துட்டாங்க, குழந்தைகள் கலைக்களஞ்சியத்துக்கு அது எப்படித் தெரியும்? அதனால எங்க லைப்ரரில ஒரு வழக்கம் வெச்சிருந்தோம். பழசாப் போன விஷயத்தை எந்தப் பிள்ளை கண்டுபிடிக்குதோ அது ஒரு துண்டுச் சீட்டுல இப்போ என்ன, எந்த வருஷம் மாறுச்சுன்னு எழுதி, தன் பேரையும் போட்டு அந்தப் பக்கத்துல சொருகி வைக்கணும். பெரியவங்க எழுதின தடி புக்குல தப்பு கண்டுபிடிக்கறதுன்னா ஏழாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு என்ன ஒரு சந்தோஷம் தெரியுமா, லைப்ரரி பீரியட்ல சத்தம் போடாதீங்கன்னு நான் கத்த வேண்டியிருக்கும். அந்தச் சீட்டு எல்லாமும் சேர்ந்துதான் கிலோ கணக்குல போச்சு.

சரி, போன் விஷயத்துக்கு வர்றேன். எல்லாம் போன்ல இருக்குன்னு சொல்றோம், அதே வாயால ஸ்கூலுக்கு போன் கொண்டு வந்தா பிடுங்கி வெச்சிடுவோம்னும் சொல்றோம். வீட்டுல போன் அப்பாவோடது, அவர் வேலை முடிஞ்சு வர ராத்திரி எட்டு ஆகும், வந்ததும் அண்ணன் கையில போயிடும், பொம்பளப் பிள்ளைக்கு கிடைக்கறப்போ சார்ஜ் இருக்காது இல்ல நெட் பேக் தீர்ந்திருக்கும். ஸ்கூல் கம்ப்யூட்டர் லேப்ல பாத்துக்கலாமேன்னா அங்க பாதி நாள் ஆன்லைன் டெஸ்ட்டு, டேட்டா என்ட்ரி. அப்போ பகல் பதினோரு மணிக்கு கிளாஸ்ல ஒரு பிள்ளைக்கு சந்தேகம் வந்தா அது தானா எழுந்து போய் எடுத்துப் பாக்கறதுக்கு என்னதான் இருக்கு? ஸ்மார்ட் போர்டுல டீச்சர் போட்டுக் காட்டினாதான் தெரியும்.

அப்படியே போன் கிடைச்சாலும் என்ன நடக்குதுன்னு பக்கத்து வீட்டுப் பிள்ளைகிட்ட பாத்தேன். பேச்சிப்பாறை அணை பத்தி புராஜெக்ட். ஏதோ ஒரு ஏஐ ஆப்புல கேட்டிருக்கா, அது கோர்வையா, தப்பே இல்லாத தமிழ்ல, காமராஜர் கட்டின அணைன்னு எழுதிக் குடுத்துடுச்சு. அணைன்னா காமராஜர், அவர் நம்ம நாகர்கோவில் எம்பியாவும் இருந்தவர், அதனால யாருக்கும் சந்தேகமே வராது. நான் கேட்டேன், "மக்ளே, நீ அங்க டூர் போனியே, பக்கத்துல ஒரு வெள்ளைக்காரர் கல்லறை பாக்கலையா?" "பாத்தேன் டீச்சர்." "அவர் யாரு?" முழிச்சா. அவர்தான் மிஞ்சின், அணையைக் கட்டின இன்ஜினியர், திருவிதாங்கூர் மகாராஜா காலம், 1906ல வேலை முடிஞ்சப்போ காமராஜருக்கு மூணு வயசு. கண்ணால பாத்ததை விட்டுட்டு ஆப்பு சொன்னதை எழுதிட்டு வந்திருக்கா பாருங்க.

உடனே நெட்ல இருக்கற விக்கிப்பீடியாவும் மோசம்னு நான் சொல்ல வர்றதா நினைக்காதீங்க. 2005ல நேச்சர்ங்கற அறிவியல் பத்திரிகை, விக்கிப்பீடியாலயும் பிரிட்டானிகாங்கற இங்கிலீஷ் கலைக்களஞ்சியத்துலயும் இருந்து 42 அறிவியல் தலைப்புக்கான கட்டுரைகளை எடுத்து நிபுணர்களை வெச்சு சரிபாத்தப்போ கட்டுரைக்கு சராசரியா பிரிட்டானிகால மூணு தப்பு, விக்கிப்பீடியால நாலு. பிரிட்டானிகாகாரங்க ஒத்துக்கல, சண்டை போட்டாங்க, அப்புறம் அவங்களே 2012ல அச்சை நிறுத்திட்டோம்னு அறிவிச்சாங்க, 32 தொகுதியோட 2010ல வந்ததுதான் கடைசி. அது இங்கிலீஷ் கதை. தமிழ் விக்கிப்பீடியா 2003ல இருந்து இருக்கு, சில கட்டுரை அருமையா இருக்கும், சிலது மூணு வரியோட நிக்கும். ஆனா அதுல ஒரு நல்ல விஷயம் இருக்கு, மேல 'வரலாறு'ன்னு ஒரு இடத்தைத் தொட்டா யாரு எப்போ எதை மாத்தினாங்கன்னு வரிசையா காட்டும், 'உரையாடல்'ல போனா எதுக்கு சண்டை போட்டாங்கன்னும் தெரியும். எங்க பிள்ளைங்க சொருகி வெச்ச துண்டுச் சீட்டும் அதேதான், வேற ஒண்ணுமில்ல. இதை ஒரு பிள்ளைக்காவது ஸ்கூல்ல சொல்லிக் குடுக்கறோமா? 2010ல கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி காலேஜ் பிள்ளைங்களுக்கு விக்கிப்பீடியா கட்டுரைப் போட்டி வெச்சாங்க, ஸ்கூல் பிள்ளைங்களுக்கும் அப்படி வெச்சு அவங்க ஊர் குளம், கோயில், அணையைப் பத்தி எழுதச் சொன்னா என்ன குறைஞ்சு போகும்.

நான் கேக்கறது பெரிய பட்ஜெட் விஷயம் இல்ல. லைப்ரரில ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டர், அதுல கிவிக்ஸ்னு ஒரு சாஃப்ட்வேர், இலவசம்தான். ஒரு தடவை டவுன்லோடு பண்ணிட்டா தமிழ் விக்கிப்பீடியா நெட் இல்லாமலே ஓடும், பென் டிரைவ்லயே கொண்டு போகலாம். அதுக்குப் பக்கத்துலயே அந்தத் தடி புக்குங்களும் இருக்கட்டும், ஒரே விஷயத்தை ரெண்டுலயும் பாக்கச் சொல்லுங்க. அப்படியே அகரவரிசையும் பிள்ளைங்களுக்கு வரும், இப்போ பத்தாங்கிளாஸ் பிள்ளைகிட்ட அகராதியைக் குடுத்து 'அக்கா' முன்னாடி வருமா 'அகம்' முன்னாடி வருமான்னு கேட்டுப் பாருங்க, பாவம் முழிக்கும் (டீச்சர்களையும் கேக்கலாம், வேண்டாம் விடுங்க). கலைக்களஞ்சியத்தை ஸ்கேன் பண்ணி இணையத்துலயும் போட்டிருக்காங்க, அதனால காணாமப் போயிடும்னு எனக்கு பயம் இல்ல. ஆனா ஸ்கேன்ல துண்டுச் சீட்டு சொருக முடியாது.

அந்த மூணு தொகுதி இப்போ எங்க வீட்டு டிவி ஸ்டாண்டுக்கு கீழ இருக்கு. எங்க பக்கத்துல எந்த ஸ்கூல் லைப்ரரிக்காவது வேணும்னா நானே ஆட்டோ பிடிச்சு கொண்டு வந்து தர்றேன், ஒரே கண்டிஷன், அலமாரியைப் பூட்டக் கூடாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
நாகர்கோவில்.