வேர்வை நின்ற பிறகு

வடவள்ளி, கோயமுத்தூர்
7 டிசம்பர் 2025

அன்புள்ள சம்பத்துக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் என்று அலைந்துகொண்டிருந்ததில் உடனே எழுத முடியவில்லை. இப்போது பரவாயில்லை. சொட்டு மருந்தை நேரத்துக்கு விட வேண்டும் என்று அவளே கடிகாரத்தைப் பார்த்து என்னை விரட்டுகிறாள்.

அமெரிக்காக்காரன் வரியை 50 சதவீதம் ஆக்கியதிலிருந்து ஆர்டர் பாதியாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். அதற்கு நான் என்ன ஆறுதல் சொல்ல? நேரில் வருகிறேன், பேசலாம். நீ கடைசியில் இரண்டே வரியில் கேட்டதற்குத்தான் இந்த நீளக் கடிதம். பாப்பா ஏப்ரலில் நேபாளத்தில் அன்னபூர்ணா பேஸ் கேம்ப் வரை மலையேறப் போகிறாள், உள்ளே போட என்ன பனியன் வாங்க, என்று கேட்டிருக்கிறாய். திருப்பூரில் முப்பது வருஷம் பனியன் தைத்தவன் என்னிடம் பனியன் கேட்கிறாய் பார், அதைச் சட்டம் போட்டு மாட்டி வைக்கலாம்.

உனக்கு நினைவிருக்கிறதா, 2012 சித்ரா பௌர்ணமிக்கு நாம் இரண்டு பேரும் வெள்ளியங்கிரி ஏறியது? பூண்டியிலிருந்து ராத்திரி ஒன்பதரைக்குக் கிளம்பினோம். முதல் மலைப் படியிலேயே உன் கம்பெனி வெள்ளை பனியன் இரண்டும் பிழியும்படி நனைந்துவிட்டன. பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை எல்லாம் தாண்டும்வரை ஒரு குறையும் இல்லை. உடம்பு இன்ஜின் மாதிரி சூடாக இருந்தது. ஏழாவது மலை ஏறி, விடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது என்று பாறை ஓரம் உட்கார்ந்தோம். அப்புறம்தான் காற்று வந்தது. ஈர பனியன் முதுகில் ஐஸ்கட்டி மாதிரி ஒட்டியது. உன் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்டது. ஒரே துண்டை இரண்டு பேரும் போர்த்திக்கொண்டு, பக்கத்தில் யாரோ ஏற்றிய கற்பூரத்தில் கை காட்டினோம். இறங்கும் வழியில் சுக்குக் காப்பி மூன்று டம்ளர் குடித்த பிறகுதான் உனக்குப் பேச்சே வந்தது.

அன்றைக்குப் புரிந்த விஷயத்தைத்தான் பாப்பாவுக்குச் சொல்ல வேண்டும். ஏறும்போது எதைப் போட்டாலும் ஒன்றுதான், எல்லாம் நனையும். உட்கார்ந்து பத்து நிமிஷம் ஆன பிறகு முதுகில் இருப்பது என்ன என்பதுதான் கேள்வி. காட்டன் இழைக்கு ஈரம் பிடிக்கும், இழைக்கு நடுவிலும் தண்ணீரைத் தேக்கிக்கொள்ளும், சீக்கிரம் விடாது. சமவெளி வெயிலில் அது வரம். அந்த ஈரம்தானே நம்மைக் குளிர்விக்கிறது? மலை உச்சியில் அதே வரம் திரும்பி நம்மைக் கடிக்கிறது.

என் மெரினோ பனியன் கதை 2016 மார்ச்சில் ஆரம்பம். மெரினோ என்றால் மெல்லிய இழை தரும் ஓர் ஆட்டு இனம், அதன் கம்பளியில் செய்த பனியன். நேபாளம் போவதற்கு முன் பெங்களூரில் ஒரு கடையில் வாங்கினேன். கருநீலம், முழுக்கை, லேபிளில் 150 ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணி 150 கிராம். விலை இரண்டாயிரத்து ஐந்நூறு. உன்னிடம் காட்டியபோது நீ தடவிப் பார்த்து, "சிங்கிள் ஜெர்ஸி, ஃபிளாட்லாக், சரி. இந்தக் காசுக்கு நான் இருபது பீஸ் தருவேன்" என்றாய். அத்தோடு விட்டாயா? மேஜை டிராயரிலிருந்து, எடை பார்க்க ஒரு சதுர மீட்டரில் நூறில் ஒரு பங்கைச் சரியாக வெட்டும் அந்த வட்டக் கட்டரை எடுத்து, "ஒரே ஒரு வெட்டு, லேபிள் உண்மையா பாத்துடலாம்" என்று என் முதுகுப் பக்கம் வந்தாய். நான் பனியனைச் சுருட்டிக்கொண்டு ஓடினேன்.

நயாபுல்லில் இறங்கி நடக்கத் தொடங்கியது முதல் திரும்ப பொக்காரா வரும்வரை பத்து நாள், பகலில் அந்த ஒரே பனியன். சோம்ரோங்கில் ஆற்றுக்கு இறங்கி மறுபடி ஏறும் கல்படிகள் இருக்கின்றன, வெள்ளியங்கிரி முதல் மலையை அங்கே மடித்து வைத்த மாதிரி. அதில் முழுக்க நனைந்தேன். சினுவா வந்து தேநீருக்கு உட்கார்ந்தபோது தொட்டுப் பார்த்தால் ஈரம் இருக்கிறது, ஆனால் குளிரவில்லை. இதற்குக் காரணம் உண்டு. கம்பளி இழை தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டாலும் வெளியே நனைந்த மாதிரி தெரியாது. இழுக்கும்போது கொஞ்சம் சூட்டையும் விடும். உன் பாலியஸ்டர் அரை சதவீதம்கூட உள்ளே எடுக்காது, எல்லாம் மேலேயே நிற்கும். அதனால்தான் அது சீக்கிரம் காய்கிறது, அதனால்தான் நாறவும் செய்கிறது. வேர்வையிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கு அந்த இழையை விட மறுக்கிறது.

நாற்றம் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கூட வந்த நண்பர் உங்கள் திருப்பூர் காதர்பேட்டையில் நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிய டிரை ஃபிட் பாலியஸ்டர் பனியன் போட்டிருந்தார். நல்ல சரக்கு, ஒரு தையல் பிரியவில்லை. ஆனால் மூன்றாம் நாள் தேவராலியில், அடுப்பைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தபோது அவர் பக்கம் மட்டும் பெஞ்சு காலியாக இருந்தது. என்னுடையது பத்தாம் நாளும் ஆட்டுக்கொட்டகை வாசம்தான் அடித்தது, மனுஷ வாசம் இல்லை. நம் ஊர்க்காரனுக்கு அது பழகிய வாசம்தானே.

4,130 மீட்டரில் பேஸ் கேம்ப். மத்தியானம் ஆலங்கட்டி பெய்தது, ராத்திரி பாட்டில் தண்ணீர் உறைந்தது. இந்த பனியன் மட்டும் போட்டு அங்கே நிற்க முடியாது. மேலே ஃபிளீஸ் ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்றுப் புகாத ஜாக்கெட். இது தோலை ஒட்டி இருக்கும் முதல் அடுக்கு, அவ்வளவுதான் இதன் வேலை. அதனால் பாப்பாவைத் தொளதொளவென்று வாங்க விடாதே. வளர்கிற பிள்ளைக்கு எடுக்கிற மாதிரி ஒரு சைஸ் கூட்டி எடுக்கிற பழக்கம் உனக்கு உண்டு. உடம்பைத் தொடாத துணி வேர்வையை எப்படி எடுக்கும்?

இனி குறைகள். ஒன்பது வருஷக் கணக்கு என்பதால் மறைக்காமல் எழுதுகிறேன்.

பொக்காரா திரும்பியதும் லாட்ஜில் துவைக்கப் போட்டேன். சுடுதண்ணீரில் போட்டு மெஷினிலேயே உலர்த்திக் கொடுத்துவிட்டார்கள். கை இரண்டு விரற்கடை ஏறிப்போயிற்று. கம்பளி இழையில் மீன் செதில் மாதிரி இருக்கும், சூடும் உலுக்கலும் சேர்ந்தால் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும், அப்புறம் பிரிக்க முடியாது. அன்றிலிருந்து நானே கையால், பச்சைத் தண்ணீரில் கம்பளிக்கான ஈஸி திரவ சோப்பு விட்டு அலசுகிறேன். முறுக்கிப் பிழிவதில்லை. துண்டில் சுருட்டி மிதித்துவிட்டு நிழலில் விரித்துப் போடுவேன், கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும்.

முதல் ஓட்டை மூன்றாம் வருஷம், தொப்புளுக்குப் பக்கத்தில். பையின் இடுப்பு பெல்ட் கொக்கி உரசும் இடம். ஒரு மிளகளவு. ஜெர்ஸிப் பின்னல்தானே, ஒரு கண்ணி போனால் ஏணி மாதிரி ஓடும் என்று பயந்தேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சாயம் போன நீல நூலால் அந்த மிளகைச் சுற்றிக் கண்ணி கண்ணியாகப் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். இன்றுவரை அது நகரவில்லை.

2019 மழைக்காலத்தில் அந்து வந்தது. பீரோவில் காட்டன் சட்டை எட்டு, பாலியஸ்டர் நாலு. அத்தனையையும் விட்டுவிட்டு இதில் மட்டும் மூன்று ஓட்டை. தப்பு என் மேல்தான், மேகமலை போய்வந்து வேர்வையோடு மடித்து வைத்துவிட்டேன். அதன் புழுவுக்கு வேர்வை படிந்த கம்பளி என்றால் கல்யாணச் சாப்பாடு. இப்போது துவைத்து, நன்றாகக் காயவைத்து, ஜிப் கவரில் போட்டு மூடித்தான் வைக்கிறேன். அந்துருண்டை போட்டுப் பார்த்தேன், அடுத்த மலையில் என்னிடமிருந்து பப்ளிக் டாய்லெட் வாசம் வந்தது. விட்டுவிட்டேன்.

எல்லா இடத்துக்கும் இதுதான் சரி என்றும் சொல்லமாட்டேன். அகஸ்தியர்கூடம் போனபோது போனக்காட்டிலிருந்து அதிருமலை கேம்ப் வரை காட்டுக்குள் ஒரே புழுக்கம். மெரினோ ஊறி, கனத்து, சாயங்காலம் வரை காயவே இல்லை. அங்கே உன் நூற்றைம்பது ரூபாய்ச் சரக்குதான் ராஜா. இப்போதெல்லாம் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் பகலில் மெல்லிய பாலியஸ்டர், ராத்திரி கேம்பில் மெரினோ என்று வைத்துக்கொண்டேன். வீட்டிலும் ஒருநாள் மூன்றையும் அலசிப் போட்டுப் பார்த்தேன். பாலியஸ்டர் ஒரு மணி நேரத்துக்குள் காய்ந்தது, மெரினோ மத்தியானம், காட்டன் அதற்கும் பிறகு. ஆனால் அடுப்போரம் பாலியஸ்டர் ஆபத்து, ஒரு பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். கம்பளி கருகி அணைந்துவிடும்.

போன மாதம் ஊட்டியிலிருந்து பைகாரா போகும் வழியில், சாண்டிநல்லா பக்கம் ஆடுகளைப் பார்த்தேன். அங்கே ஆட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, தெரியுமா? அந்த நீலகிரி ஆட்டு இனம், வெள்ளைக்காரன் காலத்தில் நம் கோயமுத்தூர் ஆட்டோடு டாஸ்மேனியா மெரினோவையும் வேறு சீமை இனங்களையும் கலந்து உருவானதாம். என் பனியனுக்கு ஒன்றுவிட்ட சொந்தம் இங்கேயே மேய்ந்துகொண்டிருக்கிறது! அப்புச்சி காலத்துக் கம்பளி குத்திய குத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இழையின் தடிமன்தான். 30 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டினால் தோலைக் குத்தும், பனியனுக்குப் போகும் மெரினோ பெரும்பாலும் 20-க்குள் நின்றுவிடுகிறது.

பாப்பாவுக்கு முடிவாகச் சொல்வதானால், மெரினோ முழுக்கை இரண்டு போதும். ஒன்று நடக்க, ஒன்று தூங்க. தூங்கும் பனியனைப் பகலில் தொடவே கூடாது, எவ்வளவு ஆசையாக இருந்தாலும். லாட்ஜுக்குள் நுழைந்ததும் தேநீர் சொல்வதற்கு முன் ஈரத்தை மாற்றிவிட வேண்டும். நைலான் கலந்த மெரினோ கிடைத்தால் நல்லது, தோளில் சீக்கிரம் கிழியாது.

ஏனென்றால் என்னுடையது தோளில்தான் போயிற்று. போன வாரம் வெளிச்சத்தில் பிடித்தபோது பை வார் உட்காரும் இடத்தில் ஜன்னல் வலை மாதிரி மறுபக்கம் தெரிந்தது. அம்மாவிடம் கொடுத்தேன். கண் கட்டு பிரித்த கண்ணால் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல ஊசி நிக்காது சாமி" என்றாள்.

அதனால் இந்தக் கடிதத்தோடு பனியனையும் கூரியரில் அனுப்புகிறேன். கட்டர் இன்னும் அந்த டிராயரில்தானே இருக்கிறது? இரண்டு வட்டம் வெட்டு. ஒன்று தோளில், வார் தேய்த்த இடத்தில். இன்னொன்று வயிற்றுக்குக் கீழே, எதுவும் உரசாத ஓரத்தில். தராசில் போட்டு நூறால் பெருக்கி, இரண்டு எண்ணையும் எழுது. அம்மா தைத்த இடத்தை மட்டும் வெட்டாதே, அந்தத் துண்டு எனக்குத் திரும்ப வேண்டும்.

உன்
ரங்கு