மணிக்கு, ஜிபிஎஸ் வாங்கும் விஷயமாக

அன்புள்ள மணி,

உன் மெயில் பார்த்தேன். கார் எடுத்தது, பாப்பாவுக்கு மைசூரில் வேலை கிடைத்தது, தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று மூன்று நல்ல சேதிகளை நாலு வரியில் முடித்துவிட்டு, மிச்சம் முழுக்க காருக்கு வழி காட்ட எந்த ஜிபிஎஸ் வாங்கலாம் என்றே கேட்டிருக்கிறாய். ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு நல்ல வேலை கொடுத்தாய். இங்கே எல்லாரும் சௌக்கியம், என் முட்டியைத் தவிர. அதுவும் கிளட்ச் மிதிக்கிற இடது முட்டி, அதனால் போரூர் பக்கம் சாயங்கால நேரத்தில் வண்டியை எடுப்பதே இல்லை.

முதலில் உன் மச்சான் விஷயம். நியூஜெர்சியிலிருந்து வரும்போது தன்னிடம் சும்மா கிடக்கிற, காரில் வைத்து வழி பார்க்கிற கார்மின் கம்பெனி ஜிபிஎஸ் கருவியை உனக்குக் கொண்டுவருகிறாராம். ஆசையாகத் தருகிறார், வேண்டாம் என்று சொல்லாதே, ஆனால் அதை நம்பி இருக்கவும் இருக்காதே. அங்கே வாங்கிய கருவிக்குள் வட அமெரிக்க மேப்தான் இருக்கும். ஆயுள் முழுக்க மேப் அப்டேட் இலவசம் என்று டப்பாவில் போட்டிருந்தாலும் அது அந்த வட்டாரத்து மேப்புக்கு மட்டும்தான். இந்தியா மேப்பைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கி ஏற்றணும், பழைய கருவியில் அதற்கு இடம் இருக்கிறதா என்று வேறு பார்க்கணும். செயற்கைக்கோள் எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான், புளியம்பட்டியிலும் அது உன்னைக் கச்சிதமாகக் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்து, ஒன்றிரண்டு பெரிய ரோடுகளின் கோட்டைத் தவிர வேறெதுவும் இல்லாத திரையின் நடுவில் உன் காரை நிற்க வைத்துக் காட்டும்.

இந்தத் தனிக் கருவிகளின் காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது என்பதும் உனக்குத் தெரியணும். 2009 அக்டோபரில் கூகுள் போனிலேயே திருப்பத்துக்குத் திருப்பம் வழி சொல்கிற வசதியை அமெரிக்காவில் இலவசமாக விட்டது, அன்றைக்கே கார்மின், டாம்டாம் இரண்டின் பங்கு விலையும் சரிந்தது. அதற்கப்புறம் அவர்கள் ஓடுகிறவர்களுக்கு வாட்ச், லாரிக்காரர்களுக்குப் பெரிய திரை என்று வேறு வேறு பக்கம் போனார்கள். நம் ஊர்க் கடையில் போய் ஜிபிஎஸ் இருக்கிறதா என்று கேட்டால் சிம் போட்ட கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். அது உன் வண்டி எங்கே இருக்கிறது என்று வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்கிற டிராக்கர், டாக்ஸி, பஸ் மாதிரி வண்டிகளுக்கு 2019 முதல் கட்டாயமாக்கிய சாமான். உனக்கு வழி சொல்லாது. தங்கச்சி வேண்டுமானால் உன்னைக் கண்காணிக்க வாங்கிக்கொள்ளட்டும்.

சரி, உன் முக்கியமான கேள்விக்கு வருகிறேன்: மைசூர் போகிற வழியில் திம்பம் மலைக்காட்டில் டவர் கிடைக்காதே, போனை நம்பலாமா? நம்பலாம், ஆனால் இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்கணும். நீ எங்கே இருக்கிறாய் என்று கண்டுபிடிக்க டவரும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்களில் நாலின் சிக்னல் கிடைத்தால் போதும், போன் கணக்குப் போட்டுக்கொள்ளும். ரேடியோப் பெட்டி மாதிரி அது கேட்க மட்டும்தான் செய்கிறது, திருப்பி ஒன்றும் அனுப்புவதில்லை. நெட் தேவைப்படுவது மேப்புக்கு. டவர் இருக்கும்போது வழி போட்டுக் கிளம்பினால் வழக்கமாக அந்த வழியைப் போன் வைத்திருக்கும், மலைக்கு மேலும் காட்டிக்கொண்டே வரும். ஆசனூரில் டீ குடிக்க நிறுத்தி, மேப்பை மூடிவிட்டு, மறுபடி திறக்கும்போதுதான் வம்பு. மேப்பும் இல்லை, புது வழி கணக்குப் போடவும் வழியில்லை.

அதற்கு மருந்து, வீட்டிலேயே வைஃபையில் ஆஃப்லைன் மேப் இறக்கிவைப்பது. கூகுள் மேப்ஸில் உன் படத்தைத் தொட்டால் அந்த வசதி வரும். அவிநாசியிலிருந்து மைசூர் வரைக்கும் பெட்டியை இழுத்து மூடு, பெரிதாக இருந்தால் இரண்டு துண்டாகப் போடு. டிராஃபிக் தகவல் வராது, வழி வரும். கூடவே ஆர்கானிக் மேப்ஸ் என்று ஒன்று இருக்கிறது, பொதுமக்களே சேர்ந்து போடுகிற ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச மேப்பை வைத்து முழுக்க ஆஃப்லைனிலேயே ஓடுவது. அதில் தமிழ்நாடு, கர்நாடகா இரண்டையும் இறக்கிப் போட்டுவை. கடை பேரெல்லாம் அதில் குறைவு, காட்டு ரோட்டுக்கு ஆத்திர அவசரத்துக்கு உதவும். இன்னொன்று, டவர் இருக்கும் இடத்தில் போன் செயற்கைக்கோள் விவரங்களை நெட்டிலிருந்து உடனே வாங்கிவிடும். டவர் இல்லாத இடத்தில் ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் அதையே வானத்திலிருந்து மெதுவாகக் கேட்டுத்தான் எடுத்துக்கொள்ளணும். அரை நிமிஷம் போல ஆகலாம், மரங்கள் அடர்ந்த வளைவில் அதற்கு மேலும் ஆகும். அவசரப்பட்டு போனைத் தட்டாதே.

அப்புறம், எந்தக் கருவி வாங்கினாலும் அதை மட்டும் பார்த்துக் கிளம்பிவிட முடியாத ரோடு திம்பம் ரோடு. 2022 பிப்ரவரியிலிருந்து சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி பண்ணாரியிலிருந்து காரப்பள்ளம் வரை காருக்கு இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை அனுமதி கிடையாது. சாயங்காலம் வேலை முடித்துக் கிளம்பி, மேப் சொன்ன நேரத்தை நம்பிப் போய், 27 கொண்டைஊசி வளைவுக்குக் கீழே சாவடியில் ராத்திரி பூராவும் நிற்காதே. ஊட்டி வழியாகச் சுற்றிப் போகலாம் என்றும் நினைக்காதே, பந்திப்பூரிலும் அதே 9 முதல் 6 வரை, 2009லிருந்து. 2024 ஜனவரியில் கூடலூரில் கர்நாடகச் சுற்றுலாக்காரர்கள் மேப்பைப் பார்த்துக்கொண்டே காரைப் படிக்கட்டில் இறக்கியது ஞாபகம் இருக்கும். மலையூரில் குறுக்கு வழி காட்டினால் அங்கே நிற்கிற ஆட்டோக்காரரைக் கேள், கௌரவம் பார்க்காதே.

இப்போது என்ன வாங்குவது. உன் வண்டியில் சாதா ஸ்டீரியோதான், திரை இல்லை என்கிறாய். கடைக்காரன் 9 இஞ்ச் முழு ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ போடச் சொல்கிறான் என்கிறாய். பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் விலை மலிவானதில் மெமரி குறைவு, இரண்டு வருஷத்தில் மேப் ஆப் கனத்துப்போய்த் திரை திணறும், அதற்குத் தனி சிம்மோ உன் போனின் ஹாட்ஸ்பாட்டோ வேறு வேண்டும். இதற்குப் பதில், போனில் ஓடுகிற மேப்பை வண்டித் திரையில் காட்டுகிற ஆண்ட்ராய்டு ஆட்டோவும் கார்ப்ளேவும் உள்ள ஸ்டீரியோ நல்லது. சோனி, பயனியர் மாதிரி கம்பெனிகள் போடுகிறார்கள். மூளை உன் போனில், திரை மட்டும் வண்டியில். போன் மாற்றும்போது மேப்பும் புதிதாகிவிடும். நீ இறக்கிவைத்த ஆஃப்லைன் மேப்பும் அப்படியே வரும்.

எதைப் போட்டாலும் ஒயரை வெட்டி ஒட்ட விடாதே, ஒயர் முனையில் இருக்கிற பிளக், அதாவது கப்ளர், கப்ளருக்குக் கப்ளர் மாட்டச் சொல். என் அண்ணன் மகன் காரில் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாட்டிய பையன், ஜிபிஎஸ் ஆன்டெனாவை, தீப்பெட்டி அளவில் ஒயரோடு வருமே அது, டேஷ்போர்டுக்குள் இரும்புத் தகட்டுக்குப் பின்னால் செருகிவிட்டான். கிண்டியில் ஓட்டினால் சைதாப்பேட்டையில் காட்டும். முன் கண்ணாடிக்குக் கீழே, வானம் தெரிகிற மூலையில் வைக்கணும், அவ்வளவுதான். கண்ணாடியில் உலோகப் பூச்சுள்ள ஃபிலிம் ஒட்டியிருந்தால் அதுவும் சிக்னலைக் குறைக்கும்.

ஆனாலும் என் யோசனை, இப்போதைக்கு ஸ்டீரியோவைத் தொடாதே. நல்ல போன் ஹோல்டர் ஒன்று, வேகமாகச் சார்ஜ் ஏற்றுகிற சார்ஜர் ஒன்று, இது போதும். ஹோல்டரை ஏசி காற்று வருகிற இடத்தில் மாட்டு. சித்திரை வெயிலில் முன் கண்ணாடியில் ஒட்டினால் ரப்பர் கழன்று விழும், இல்லாவிட்டால் போன் சூடாகித் தானே அணைந்துபோகும், அதுவும் சரியாகத் திருப்பத்தில். கிளம்புவதற்கு முன் வழியைப் போட்டுவிடு, ஓடும்போது கையில் எடுக்காதே. 2020 அக்டோபரிலிருந்து வண்டி ஓட்டும்போது போனை வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாமல், பயன்படுத்தலாம் என்று விதியிலேயே இருக்கிறது. குரலைத் தமிழில் வைத்துக்கொள், தங்கச்சிக்கும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வசதி. நாலைந்து மாதம் ஓட்டிப் பார், திரை சின்னதாக இருக்கிறது, கண் சிரமப்படுகிறது என்று தோன்றினால் அப்போது ஸ்டீரியோ வாங்கு.

சென்னைக்கு வரும்போது மட்டும் ஒன்று நினைவில் வை. கத்திப்பாராவில் மேம்பாலத்தில் மேலே இருக்கிறாயா கீழே இருக்கிறாயா என்பதில் ஜிபிஎஸ் தடுமாறும். செயற்கைக்கோள் எல்லாம் தலைக்கு மேலேயே இருப்பதால் உயரக் கணக்கு எப்போதும் கொஞ்சம் மோசம்தான். 2024 ஜூலையில் கூகுள் மேம்பாலத்தை முன்கூட்டியே சொல்கிற வசதியைக் கொண்டுவந்தது, கோவை, சென்னையில் காருக்குக் குறுகலான சந்துகளைத் தவிர்க்கிற வசதியும் அப்போது வந்ததுதான். நம் ஊர் மேப்மைஇண்டியாவின் மேப்பிள்ஸ் ஆப்பில் சந்திப்பைப் படமாகவே காட்டுகிறது, எந்த லேனில் போகணும் என்று தெரியும். இரண்டையும் போட்டுப் பார், எது உனக்குப் பழகுகிறதோ அது.

நாவிக், அதாவது ஜிபிஎஸ் மாதிரி நம் நாட்டுச் செயற்கைக்கோள் வசதி, இருக்கிறது என்று சொல்லிக் கடைக்காரன் விலை ஏற்றினால் மயங்காதே. இஸ்ரோ 2013லிருந்து அனுப்பியது, பெருமையான விஷயம்தான், ஆனால் இன்றைய போன்கள் அமெரிக்கா, ரஷ்யா, ஐரோப்பா, சீனா என்று எல்லாருடைய செயற்கைக்கோளையும் சேர்த்தே கேட்கின்றன. அதனால் தனியாக அதற்காகக் காசு கொடுக்க வேண்டாம். எல்1, எல்5 என்று இரண்டு அலைவரிசையும் கேட்கிற போன் என்றால் கட்டடங்களுக்கு நடுவில் கொஞ்சம் துல்லியமாக இருக்கும், அடுத்த போன் வாங்கும்போது அதைக் கேட்டுக்கொள்.

ஸ்டீரியோ முகப்பை மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, வண்டி எந்த வருஷத்து மாடல் என்றும் எழுது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் தெரிந்த கடை ஒன்று இருக்கிறது, கப்ளர் அதற்குப் பொருந்துமா என்று விசாரித்து வைக்கிறேன். மைசூருக்கு எப்போது போகிறீர்கள்? பாப்பாவுக்கு என் ஆசியைச் சொல்.

அன்புடன்,
சேகர்