வள்ளியம்மை மேடையில் எதைப் பாடுவாள்?

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். கண் அறுவைக்குப் பிறகு இரவில் மறுபடி படிக்க முடிகிறது என்பதுதான் சொல்லத்தக்க செய்தி. தில்லையாடி வள்ளியம்மையின் வரலாற்றை இசை நாடகமாக எழுதத் தொடங்கியிருப்பதாகச் சொல்லி, அவள் கலந்துகொண்ட, காந்தியின் தென்னாப்பிரிக்கப் போராட்டத்தை வைத்து அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸ் அமைத்த ‘சத்தியாகிரகம்’ ஓபராவைப் பற்றி என் எண்ணத்தைக் கேட்டிருந்தீர்கள். பதிவாகத்தான் பார்த்திருக்கிறேன் என்றாலும் சொல்ல நிறைய இருக்கிறது.

உண்மைக் கதையை மேடையேற்றுகிறவர்கள் முதலில் திணறும் இடம், வாழ்ந்து மறைந்தவர்களின் வாயில் என்ன சொற்களை வைப்பது என்பதுதான். 1980இல் ராட்டர்டாமில் அரங்கேறிய இந்த ஓபராவில் கிளாஸும், அவருடன் பாடற்பிரதியை உருவாக்கிய கான்ஸ்டன்ஸ் டிஜாங்கும், யாருக்குமே சொந்த வசனம் தரவில்லை. காந்தி, கஸ்தூர்பா, காந்தியின் நண்பர் காலன்பாக் எல்லோரும் கீதையின் சுலோகங்களைச் சமஸ்கிருதத்திலேயே பாடுகிறார்கள். நடந்தது என்ன என்பதை நடிப்பும் மேடையும் மட்டுமே சொல்கின்றன. காலமும் நேர்வரிசையில் ஓடுவதில்லை. போராளிக் குடும்பங்கள் சேர்ந்து வாழ்ந்த, 1910இன் டால்ஸ்டாய் பண்ணை முன்னால் வருகிறது, பதிவுச் சட்டத்துக்குப் பணிவதில்லை என்று இந்தியர்கள் எடுத்த 1906இன் உறுதிமொழி பிறகு வருகிறது, டர்பன் தாக்குதல் அதற்கும் பின்னால் வருகிறது.

அந்த டர்பன் காட்சியை நீங்கள் கவனித்துப் பார்க்க வேண்டும். 1897 ஜனவரியில் கப்பலிலிருந்து இறங்கிய காந்தியைக் கல்லாலும் அழுகிய முட்டையாலும் அடித்த கும்பலுக்கு நடுவே, காவல் கண்காணிப்பாளரின் மனைவி திருமதி அலெக்ஸாண்டர் தம் குடையை விரித்து அவருக்கு மறைப்பாக நடந்தார். ஓபராவில் அப்போது ஒலிப்பவை அசுர இயல்பினரைப் பற்றிக் கீதையின் பதினாறாம் அத்தியாயம் சொல்லும் சுலோகங்கள். அடிக்காதீர்கள் என்று யாரும் கெஞ்சிப் பாடவில்லை. விரித்த குடையே போதுமானதாக இருக்கிறது. முடிவில் காந்தி பாடும் பாட்டு இன்னும் எளிமையானது: ஏறக்குறைய நம் தோடி ராகத்தின் ஆரோகணம், அதாவது ஏறுவரிசை, கமகம் என்ற சுர அசைவு ஏதுமின்றி, திரும்பத் திரும்ப ஏறிக்கொண்டே இருக்கிறது. தோடியை இப்படியும் பாடலாமா என்று நம் வித்வான்கள் முகம் சுளிக்கக்கூடும். எனக்குக் கண் கலங்கியது.

ஆனால் இந்த முறைக்கு ஒரு விலை உண்டு, அதைக் கொடுத்தவர்கள் நம்மவர்கள். ஒப்பந்தக் காலம் முடிந்தும் தங்கிய கூலிகள் மீதான 3 பவுன் வரியும், கிறித்துவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்ற 1913ஆம் ஆண்டுத் தீர்ப்பும் அந்தப் போராட்டத்தை மூட்டியவை. ஒரு சுலோகத்திலிருந்து இதை எவரும் அறிந்துகொள்ள முடியாது. டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்த 11 பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், நேட்டால் பகுதியின் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்துச் சிறை சென்றார்கள். அவர்களில், காந்தியோடு போராடிய தம்பி நாயுடுவின் மனைவியும் இருந்தார். ஓபராவில் திருமதி நாயுடு என்றொரு பாத்திரம் இருக்கிறது, ஆனால் அவர் செய்தது இன்னதென்று அரங்கை விட்டு வெளியே வருகிறவருக்குத் தெரிந்திருக்காது. காந்தியின் கணக்குப்படி, வேலைநிறுத்தம் செய்து நேட்டாலிலிருந்து டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்த 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் அங்கே சேர்ந்திசைக் குழுவாகி விடுகிறார்கள்.

எனவே கிளாஸின் வழியை அப்படியே பின்பற்றாதீர்கள் என்பது என் யோசனை. வரியையும் தீர்ப்பையும் கட்டியங்காரனே வெளிப்படையாகச் சொல்லிவிடட்டும். நம் கூத்தில் அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் வள்ளியம்மை விஷயத்தில் கிளாஸின் கட்டுப்பாடு உங்களுக்கும் வேண்டும். சிறைக் காய்ச்சலோடு வெளிவந்து 1914 பிப்ரவரி 22இல் இறந்த அந்தப் பதினாறு வயதுப் பெண்ணிடம், சிறை சென்றதற்காக வருந்துகிறாயா என்று கேட்டதற்கு, இப்போதும் போகத் தயார் என்று அவள் சொன்னதைக் காந்தி எழுதியதால்தான் அறிகிறோம். அதை அவளுக்குப் பெரிய உச்சப் பாட்டாக்கும் ஆசை உங்களுக்கு வரும். அவள் வாய் திறக்காமல் படுத்திருக்க, நினைவுகூர்ந்து எழுதும் காந்தியே அதைப் பாடட்டும். அதுதான் நமக்குக் கிடைத்த சான்றுக்கு நேர்மையாக இருக்கும்.

கிளாஸைப் போலத் தாள வாத்தியமே வைக்கப்போவதில்லை என்று எழுதியதை மட்டும் நான் ஒப்பவில்லை. சுரங்கத் தொழிலாளர் நடைக்குப் பறை இல்லாமல் முடியாது. பொங்கல் கழிந்து வருகிறேன், முதல் பகுதியை எழுதி வையுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்